சாவி யாரிடம் இருந்தது?

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுகதை எழுதினேன். முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு கிழவியைப் பற்றியது. சிற்றிதழ் ஒன்றில் வந்தது. "கண்ணு கலங்கிருச்சு மாப்ள" என்று வாட்ஸப்பில் இரண்டு பேர் எழுதினார்கள். அதுவரை ஜாவாவில் மட்டுமே எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விஷயம்.

கதையில் வந்த கிழவி என் அப்பத்தா. ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா போன பிறகு மூன்று வருடம் தனியாக இருந்தார். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன், அம்மாவுக்கு முழங்கால், எனக்குப் பெங்களூரு. கடைசியில் புதுக்கோட்டைக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். மோசமான இடம் என்று சொல்லிவிட முடியாது. வாசலில் வேப்பமரம், மூன்று வேளை சோறு, வெள்ளிக்கிழமை பாயசம்.

என் கதை இப்படி முடியும்: பார்க்க வந்த பேரன் சாயங்காலம் கிளம்புகிறான். ஆயா கம்பிக் கதவை இழுத்துப் பூட்டுகிறார். பூட்டு விழும் சத்தம். பேரன் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் அப்படியே நிற்கிறான். முற்றும்.

கதை வந்த எட்டாவது மாதம், மார்கழியில், ராத்திரி மூன்று மணிக்கு அப்பத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு மணிக்குத்தான் தூக்கினார்கள். பக்கத்துக் கட்டில் கிழவிகள் கத்தியிருக்கிறார்கள், கம்பிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. ராத்திரி டூட்டிக்கு ஒரே ஆள். அந்த அம்மா ஆண்கள் பகுதியில் ஒருவருக்கு மூச்சிரைப்பு என்று போய், அங்கேயே அசந்து தூங்கிவிட்டார். சாவி அவர் இடுப்பில்.

அப்பத்தா அதன் பிறகு பதினாலு மாதம் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்துதான் போனார். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை, அந்தக் கதையைப் பற்றியது. அந்தப் பூட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, போன ஒவ்வொரு தடவையும். பார்த்து, அதைப் படிமமாக்கிவிட்டு வந்தேன். தனிமையின் பூட்டு, காலத்தின் பூட்டு, என் குற்ற உணர்ச்சியின் பூட்டு. இது நிஜமான பூட்டாயிற்றே, ராத்திரி இதன் சாவி எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

*

இது என் ஒருவனுடைய குறை என்றால் டைரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். முதியோர் இல்லம் பற்றித் தமிழில் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்தேன். வார இதழ்க் கவிதைகள், பரிசு வாங்கிய கதைகள், குறும்படங்கள், பட்டிமன்றங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானவை கேட்டில் நின்றுவிடுகின்றன. பெட்டியோடு அம்மா இறங்குகிறாள், மகன் கண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறான், மருமகள் காரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட் மூடுகிறது. நமக்கு அழுகை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த அம்மா உள்ளே வாழப்போகிற ஏழெட்டு வருடம் கதையில் கிடையாது.

இந்தக் கதைகள் எல்லாமே ஒரு நீதிமன்றம். கூண்டில் நிற்பவர்கள் மகனும் மருமகளும். கேள்வி ஒன்றுதான்: ஏன் கொண்டுபோய் விட்டாய்? தீர்ப்பு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் இதுதான் நடந்தது. அப்பத்தாவைச் சேர்த்தபோது ஊரில் பாதிப் பேர் "பெத்த தாயக் கொண்டுபோயி விட்டுட்டியளாமே" என்று கேட்டார்கள். ராத்திரி அங்கே எத்தனை ஆள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இல்லமே பாவம் என்று முடிவு கட்டியபிறகு, நல்ல இல்லம் எது, ஆபத்தான இல்லம் எது என்று பிரித்துப் பார்க்க அவசியம் ஏது?

சட்டமும் ஏறக்குறைய நம் கதாசிரியர்கள் மாதிரிதான் யோசித்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதில் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்குவதற்கு ஒரு முழு அத்தியாயம், 4 முதல் 18 வரை பிரிவுகள். தீர்ப்பாயம், மனு, மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு எல்லாம் விவரமாக இருக்கும். முதியோர் இல்லங்களுக்கான அத்தியாயத்தில் இருப்பது ஒரே ஒரு பிரிவு, 19. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம். இல்லங்களின் தரத்தை வகுக்கத் திட்டம் கொண்டுவரலாம். இரண்டுமே 'லாம்'. பிள்ளைகளிடம் கறாராகப் பேசும் சட்டம், கட்டடத்துக்குள் நுழையும்போது குரலைத் தணித்துக்கொள்கிறது.

*

உள்ளே போன படைப்பே இல்லையா? இருக்கிறது. என் தலைமுறையில் பலருக்கும் காப்பகம் என்றால் மனதில் வரும் முதல் காட்சி பாலாவின் 'சேது'. 1999 டிசம்பரில் வந்த படம். நான் புதுக்கோட்டையில் கேபிள் டிவியில் பார்த்தேன். மொட்டைத் தலை, காலில் சங்கிலி, விக்ரமின் கண்கள். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

இப்போது மறுபடி பார்த்தேன். கடைசிப் பகுதியின் சம்பவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அடிபட்டு மூளை கலங்கிய சேதுவை ஒரு மடத்தில் சேர்க்கிறார்கள். ஒரு நாள் அவனுக்குத் தெளிந்துவிடுகிறது. எனக்குச் சரியாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறான். யாரும் நம்பவில்லை. தூங்கும்போது வந்து பார்த்த அபிதா, அவன் பழையபடியே இருக்கிறான் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறாள். அவன் கேட் ஏறிக் குதித்து, ரத்தம் வழிய அவள் வீட்டுக்குப் போகிறான். அவள் பிணமாகக் கிடக்கிறாள். தேடி வந்த ஆட்களோடு அவனே மடத்துக்குத் திரும்பிவிடுகிறான்.

நாம் இதை விதி என்று பார்த்தோம். காதல் தோற்றது என்று அழுதோம். படமும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது. இசை, காமிரா எல்லாம் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. ஆனால் அபிதா செத்ததற்கும் அவன் திரும்பிப் போனதற்கும் பின்னால் ரொம்பச் சாதாரணமான ஒரு ஓட்டை இருக்கிறது. "எனக்குச் சரியாகிவிட்டது" என்று ஒருவன் சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும், சோதித்துப் பார்க்கவும் அந்த இடத்தில் ஒரு ஏற்பாடும் கிடையாது. டாக்டர் இல்லை, தேதி போட்டு எழுதிய தாள் இல்லை, மேலே போய்ச் சொல்ல ஆள் இல்லை. பைத்தியம் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அழித்து எழுத வழியில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சேர்க்கப்பட்டவர் தன் சேர்க்கையை எதிர்த்து மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம் என்கிறது. அப்படி ஒரு வாரியம் இருந்திருந்தால் 'சேது'வுக்கு அந்தக் கிளைமாக்ஸ் கிடையாது. இந்த ஒரு விஷயமே, நாம் விதி என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று காட்டிவிடுகிறது.

படத்தைக் குறை சொல்வது சுலபம். பாலா குறைந்தபட்சம் கேட்டைத் தாண்டினார், சங்கிலியைக் காட்டினார். ஆனால் அந்தச் சங்கிலி சேதுவின் காலில் இருக்கும்போதுதான் வலிக்கிறது. சுற்றி இருக்கும் மற்றவர்களின் காலில் அது செட் பிராபர்ட்டி. அவர்கள் யார், எந்த ஊர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை சேது? படத்துக்கு அது தேவைப்படவில்லை. எனக்கும் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

*

படம் வந்து ஒன்றே முக்கால் வருடம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ஏர்வாடி.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு ஏர்வாடி தூரத்து ஊர் இல்லை. கோட்டைப்பட்டினம், மீமிசல் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று போய், கீழக்கரைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். எங்கள் ஊரில் எல்லா மதத்துக்காரர்களும் போவார்கள். சின்ன வயதில் யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால் "இவன ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்பது வீட்டுக்கு வீடு சொல்கிற கிண்டல்.

தர்காவின் புனித நீரும் விளக்கெண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்று நம்பி வந்தவர்களை வைத்துத் தனியார் காப்பகங்கள் பல முளைத்திருந்தன. பகலில் மரத்தில் கட்டுவார்கள், ராத்திரி சங்கிலி. அப்படி ஒன்றுதான் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். கீற்றுக் கொட்டகை. அன்று அதிகாலை தீப்பிடித்தது. கட்டு தளர்வாக இருந்த சிலர் தப்பினார்கள். மற்றவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் தலைப்பைத் தமிழில் சொன்னால்: 'தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 25 பேரின் மரணம் தொடர்பாக.' இந்தத் தலைப்பை ஓர் இலக்கிய வாசகனாகப் பலமுறை படித்துவிட்டேன். இறந்தவர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. எண்ணிக்கைகூடப் பிந்திப்போனது, 25 பிறகு 28 ஆனது. ஆனாலும் நம் கதைகள் செய்யாத ஒன்றை அந்த வறண்ட வரி செய்கிறது. 'சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த' என்ற சொல் அங்கே உருவகம் கிடையாது, மரணத்தின் காரணம்.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13-ஆம் தேதி, அங்கிருந்த இந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்பில் வந்தார்கள். நீதிபதி ராமதாஸ் ஆணையம் விசாரித்தது. காப்பகம் நடத்த உரிமம் வேண்டும், சங்கிலிகளை அவிழ்க்க வேண்டும் என்றது. 2007-இல் காப்பக உரிமையாளர் உள்ளிட்டோருக்கு ஏழாண்டுச் சிறை. இவ்வளவுக்கும், மனநலக் காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. விதி இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. மூன்று வருடம் கழித்து, 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அங்கேயும் கீற்று.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி சர்வர் விழுந்துவிட்டால், காலையில் எல்லாரும் உட்கார்ந்து நடந்ததை நிமிஷம் நிமிஷமாக எழுதுவோம். 'யார் செய்தது' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 'ஒருவர் தப்புப் பண்ணினால் மொத்தமும் விழுகிற மாதிரி ஏன் வைத்திருந்தோம்' என்பதுதான் கேள்வி. பணம் போகிற சர்வருக்கு இதைச் செய்கிறோம். அப்பத்தா விழுந்த அன்றைக்கு நான் செய்தது, தூங்கிய அந்த ஆயாவைப் பார்த்துக் கத்தியது.

*

இங்கே ஒரு நண்பன் குறுக்கிட்டான். "கதாசிரியன் என்ன ஆய்வாளரா? பாத்ரூமில் கைப்பிடி இருக்கா, ராத்திரி எத்தனை ஆள்னு எழுதுனா அது ரிப்போர்ட்டு. கதையா?"

நியாயமான கேள்வி. பதிலாக ஒரு படத்தைச் சொல்கிறேன். ஃபிரெடரிக் வைஸ்மன் 1967-இல் எடுத்த ஆவணப்படம், 'டிட்டிகட் ஃபாலீஸ்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், குற்றம் புரிந்த மனநோயாளிகளை அடைத்திருந்த பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனைக்குள் எடுத்தது. ஒரு காட்சி: சாப்பிட மறுக்கும் ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மேலே புனல் வைத்து, ஆகாரம் ஊற்றுகிறார்கள். ஊற்றுகிற டாக்டரின் வாயில் சிகரெட். அதன் சாம்பல் நீண்டு, வளைந்து, புனலுக்கு மேலே தொங்குகிறது. விழுமா, விழாதா? பின்னணி இசை இல்லை, வர்ணனை இல்லை. அந்தச் சாம்பல் போதும். அந்த இடத்தின் மொத்தத் தரமும் அரை அங்குலத்தில் இருக்கிறது. கைப்பிடியும் சாவியும் கதைக்கு வெளியே இருப்பவை என்று எனக்கு இனி தோன்றாது. சாம்பலைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அவைதான் கதை.

அந்தப் படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளிருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காரணம் சொல்லி நீதிமன்றம் பொதுத் திரையிடலைத் தடை செய்தது. தடை நீங்க 1991 ஆனது. அரசு தன்னைக் காத்துக்கொள்ள அந்தரங்கத்தைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். ஆனால் நிர்வாணமாக நிறுத்தப்பட்ட அந்த மனிதர்களை யாரும் முழு மனதோடு சம்மதம் கேட்டிருக்க முடியுமா என்ற கேள்வியும் தப்பில்லை. நம் ஊரில் பிறந்தநாளுக்கு இல்லத்தில் போய்ச் சோறு போட்டு, கிழவிகளின் கண்ணீரை ரீல்ஸாகப் போடுகிறோமே, அந்தக் காமிராவும் உள்ளேதான் போகிறது. ஆனால் அது பார்ப்பது தன்னைத்தான்.

நண்பனின் கேள்விக்குள் இன்னொரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது: வீட்டில் வைத்துக்கொண்டால் எல்லாம் சரி. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படம் பாருங்கள். இடுப்பு முறிந்த ஒரு முதியவர். இல்லத்துக்கு யாரும் அனுப்பவில்லை. மகன் சொந்த ஊருக்கே கூட்டிப் போகிறான். அங்கேதான் தலைக்கூத்தல். வீடு என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது, இல்லம் என்பதாலேயே போய்விடாது. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி கூப்பிட்டால் யார் வருவார்கள்?

*

இதைக் கேட்க நமக்குக் கூச்சம். காரணம், 'தொண்டு' என்ற சொல் என்று நினைக்கிறேன். தொண்டு செய்கிறவரிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரம விவகாரம் வெளியே வந்தது எப்படி? சேர்த்துவிட்ட உறவினரைத் தேடிப் போனவருக்குச் சரியான பதில் கிடைக்காமல், விஷயம் ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகுதான் உரிமம் இல்லாதது, ஆட்கள் காணாமல் போனது, சித்திரவதை, பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக வந்தன. வழக்கில் எது நிரூபணமாகும் என்பது வேறு. 'எங்கள் ஆள் எங்கே' என்று விடாமல் கேட்ட ஒரு குடும்பம் இல்லையென்றால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

எங்கள் ஊர்க்காரர் முத்துலட்சுமி ரெட்டி. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் பேசியிருக்கிறேன். சட்டமன்றத்துக்கு முதல் பெண், தேவதாசி முறை ஒழிப்பு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1930-இல் விடுதிகள் சேர்க்க மறுத்த பெண்பிள்ளைகள் வீடு தேடி வந்தபோது, தன் வீட்டிலேயே இடம் கொடுத்து அவ்வை இல்லத்தைத் தொடங்கினார் என்பதும் ஒரு வரியாக வரும். தொடங்கினார் என்பதோடு பேச்சு முடியும், கைதட்டுவார்கள். மறுநாள் காலை அந்தப் பிள்ளைகளுக்கு யார் தலை வாரிவிட்டார்கள், காய்ச்சல் வந்தால் ராத்திரி யார் விழித்திருந்தார்கள் என்று நானும் கேட்டதில்லை, வாத்தியாரும் சொன்னதில்லை. தொடங்குகிற அன்றைக்கு ஒரு பேச்சு போதும். அப்புறம் வரும் ஆயிரம் ராத்திரிகளை யார் பார்த்தார்கள்?

*

போன தை மாதம் அந்த இல்லத்துக்கு மறுபடி போனேன். கையில் இனிப்புப் பெட்டி. அன்றைக்குத் தூங்கிப்போன அதே அக்கா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் கத்தியது அவருக்கு மறக்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, எழுதுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தக் கதவை ஏன் பூட்டுகிறீர்கள்?

"பூட்டாம என்ன தம்பி செய்ய? மூணாவது கட்டில்ல ஒரு அம்மா இருந்துச்சு. ஞாபகம் தப்பிப்போச்சு. ராத்திரியில எந்திரிச்சு எங்க வீட்டுக்குப் போறேன்னு கெளம்பிரும். ஒருக்கா மெயின்ரோட்டுல லாரிக்கு முன்னாடி நின்னுச்சு. அதுலேர்ந்துதான் பூட்டு."

"ராத்திரிக்கு இன்னொரு ஆள் கேக்கலையா?"

"கேட்டோம். அன்னைக்கு உங்க அப்பத்தா விழுந்தப்ப நான் காலையில வந்தவ தம்பி. பகல் டூட்டிக்காரி வரல. நானேதான் ரெண்டும்."

ஏர்வாடியிலும் சங்கிலிக்கு இதே காரணம்தான் சொல்லியிருப்பார்கள்: விட்டால் ஓடிவிடுவார்கள். காரணம் பொய் இல்லை. இன்னொரு ஆளுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை ஒரு பூட்டில் மிச்சப்படுத்துகிறோம், அவ்வளவுதான். என் கதையில் இந்த அக்கா வருகிறார். 'ஆயா கதவை இழுத்துப் பூட்டினாள்' என்று ஒரே வரி. பெயர் இல்லை, முகம் இல்லை, அன்றைக்கு எத்தனாவது மணி நேரமாக நிற்கிறார் என்பதும் இல்லை. பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பூட்டிய கையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது கம்பிக் கதவைப் பார்த்தேன். உள்பக்கச் சுவரில், நின்றால் கை எட்டும் உயரத்தில், ஒரு ஆணி. அதில் சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி.

"நாந்தான் அடிச்சேன். உங்க அப்பத்தாவுக்கு அப்புறம்" என்றார். "கத்துனா யாராச்சும் எடுத்துத் தொறக்கட்டும்னு."

"அந்த ஞாபகம் தப்புன அம்மா எடுத்தாங்கன்னா?"

"அதான் தம்பி எனக்கும் தெரியல."

கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. இந்தத் தடவை பேரன் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பகல் டூட்டியும் சேர்த்துப் பார்த்த ஒரு பெண், ஆணியில் சாவியை மாட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில் ஆரம்பிக்கிறது.